கறிவேப்பிலையில் புழு: என்ன மருந்து அடிக்கலாம்?

கேள்வி (பொள்ளாச்சியிலிருந்து), ஜூன் 8, 2024

வீட்டுக் கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தது. தொட்டால் நெளிகிறது. வேப்ப எண்ணெய் அடித்துப் பார்த்தேன், நாலே நாளில் மறுபடி வந்துவிட்டது. வேறு என்ன மருந்து அடிக்கலாம்? இன்னொன்று. எங்கள் தெருவில் இப்போதெல்லாம் பட்டாம்பூச்சியையே காணோம். மகளுக்குக் காட்ட ஆசை. என்ன பூச்செடி வைத்தால் வரும்?

ஜூன் 8, இரவு

தம்பி, இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். மருந்தைக் கீழே வையுங்கள். மகளுக்குக் காட்ட வேண்டிய பட்டாம்பூச்சிக்குத்தான் வேப்ப எண்ணெய் அடித்திருக்கிறீர்கள்.

எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை எல்லாம் ஒரே குடும்பம். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்று நம் பக்கம் சொல்கிற பெரிய பட்டாம்பூச்சிகள் இந்தக் குடும்பத்துச் செடிகளில்தான் முட்டையிடும். குட்டிப் புழு கறுப்பும் வெள்ளையுமாக, அச்சு அசல் காக்கை எச்சம். குருவி பார்த்தால் தின்னத் தோன்றாது. நீங்களும் முதலில் எச்சம் என்றுதானே நினைத்தீர்கள்? வளர்ந்ததும் பச்சையாகிவிடும். அப்போது விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு போலப் பிளந்த கொம்பு ஒன்று வெளியே வரும், கூடவே ஒரு நாற்றம். என் மகன் அதற்கு வைத்த பெயர் 'ராக்கெட் குசு'.

என் வீடு கோவை வடவள்ளி. பின்கட்டில் 12 வயதுக் கறிவேப்பிலை மரம். எங்கள் மரத்தில் சிவப்புடல் அழகி கூட முட்டையிட்டுப் பார்த்திருக்கிறேன். கறுப்பு இறகில் ரத்தச் சிவப்புப் பொட்டு. அது வந்தால் வேலை ஓடாது.

ஜூன் 9

மருந்து கேட்ட மனிதருக்கு நான் பாட்டுப் பாடிவிட்டேன் என்று ஈரோட்டுக்காரர் சொல்கிறார். சரி, நேராகச் சொல்கிறேன். செடி இடுப்பு உயரம்தான் என்றால் நாலைந்து புழு போதும், மொட்டையாகிவிடும். அதிகம் இருந்தால் பக்கத்து வீட்டு எலுமிச்சைக்கோ நாரத்தைக்கோ இலையோடு கிள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். இலையை விட்டுப் புழுவை மட்டும் பிய்க்க வேண்டாம், அது காலால் இறுகப் பிடித்திருக்கும். ஆள் உயர மரம் என்றால் எதுவுமே செய்ய வேண்டாம். மொட்டையான கிளையிலும் மழை பெய்தால் தளிர் வந்துவிடும். கவாத்து செய்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

தளிரில் சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி அடையாக இருந்தால் அது வேறு கதை. அதற்குக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும்.

ஜூன் 13

எங்கள் வீட்டிலும் இது சண்டையில்தான் ஆரம்பித்தது. மாமியாருக்குத் தாளிக்க இலை வேண்டும், எனக்குப் புழு வேண்டும். 2019 வரை பூச்சிமருந்து டப்பா ஒன்று குளியலறை அலமாரியில் நிரந்தரமாக இருந்தது. ஒருநாள் அவர்தான் ஒரு கிளைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, புழு இலை தின்கிற அழகை முக்கால் மணி நேரம் பார்த்தார். ஓரத்தில் ஆரம்பித்து, வில் போல வளைத்து, நடு நரம்பு வரை வந்து, மறுபடி மேலே போய் ஆரம்பிக்கும். "ஏங்கண்ணு, தறி நாடா ஓடற மாதிரியே இருக்குது" என்றார். அவருடைய அப்பா சோமனூரில் தறி வைத்திருந்தவர்.

டப்பா அந்த வாரமே காணாமல் போனது. யார் எறிந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. இப்போது அவர் சொல்வது: "புழுவுக்குப் போக மிச்சம் இருந்தா ரசத்துக்குக் கிள்ளிக்க."

ஜூன் 13, சற்றுப் பிறகு

புழு இருந்த இலையைச் சாப்பிட்டால் ஏதாவது ஆகுமா என்று கேட்டவருக்கு: இல்லை, கழுவிச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. மருந்தடித்த கடை இலையைத்தான் எங்கள் வீட்டில் மஞ்சள் உப்புத் தண்ணீரில் ஊறப்போடுகிறோம்.

ஜூன் 27

'புழுவை எடுத்து ஜாடியில் வளர்க்கலாமா, பாதுகாப்பாக இருக்குமே' என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

நானும் வளர்த்தேன். ஊறுகாய் ஜாடி, மேலே வேட்டித் துணி, தினமும் புதிய இலை. ஆறு புழு. இரண்டு நாள் வெளியூர் போனபோது மகன் இலையைக் கழுவித் துடைக்காமல் ஈரத்தோடு போட்டு மூன்று அழுகிப்போயின. மீதி மூன்றும் கூட்டுப்புழு ஆயின. தென்னை ஏறுகிறவர் இடுப்பில் கயிறு போட்டுச் சாய்ந்து நிற்பாரே, அப்படித்தான். வால் நுனி குச்சியில் ஒட்டியிருக்கும், நடு உடம்பைச் சுற்றி ஒரே ஒரு பட்டு நூல். பச்சைத் தண்டில் கட்டிய கூடு பச்சை, காய்ந்த குச்சியில் கட்டியது பழுப்பு.

ஒன்றில்தான் பட்டாம்பூச்சி வந்தது. காலை ஏழு மணி இருக்கும். முந்தின இரவே கூடு கறுத்து, உள்ளே இறகின் வெள்ளைப் பொட்டுகள் கண்ணாடிக்குள் தெரிவது போலத் தெரிந்தன. வெளியே வந்தபோது இறகு கசக்கிய கைக்குட்டை மாதிரி இருந்தது. தொங்கிக்கொண்டே உடம்பிலிருந்து நீரை இறகு நரம்புக்குள் தள்ளித் தள்ளி விரித்தது. கீழே செம்பழுப்பாக ஒரு சொட்டு விழுந்தது, ரத்தம் என்று பயந்துவிட்டேன். அது கூட்டுக்குள் சேர்ந்த கழிவு.

மற்ற இரண்டில் ஒன்று காய்ந்துபோனது. இன்னொன்றின் பக்கவாட்டில் குண்டூசித் துளை. ஜாடி முழுக்க எறும்பை விடச் சின்னக் குளவிகள், எண்ண முடியவில்லை. தாய்க் குளவி உள்ளே முட்டை வைத்துவிட்டிருக்கிறது. அன்றைக்கு வந்த கோபத்தில் ஜாடியோடு வெந்நீரில் போட்டேன்.

இதை இப்போது எழுதும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அந்தக் குளவிகளும் ஓணானும் இல்லையென்றால் என் மரத்தில் ஒரு இலை மிஞ்சாது, மாமியாரின் ரசத்துக்கும் வழியிருக்காது. ஒரு பட்டாம்பூச்சி நூறு முட்டை வைக்கிறது என்றால் அதில் பெரும்பாலானவை யாருக்கோ சாப்பாடு. நான் அதில் ஒரு கட்சிக்கு மட்டும் வக்கீலாகியிருக்கிறேன். குழந்தைக்குக் காட்ட ஒன்றிரண்டு வளர்க்கலாம். அதைப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஜூலை 6

வயிற்றெரிச்சல். மரத்தில் புழு அதிகமாகிவிட்டதென்று போன வாரம் ஒரு நாற்றுப்பண்ணையிலிருந்து இரண்டு எலுமிச்சைக் கன்று வாங்கி வந்தேன். பளபளவென்று ஒரு ஓட்டை இல்லாத இலை. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஐந்து பச்சைப் புழுவை மாற்றி விட்டேன். மறுநாள் காலை ஐந்தும் பச்சையாக வாந்தி எடுத்து, சுருண்டு, தொட்டியடியில் கிடந்தன. பண்ணையில் கேட்டால் "அடிக்காம எப்படிம்மா விக்க முடியும், ஓட்டை இலைய யாரு வாங்குவா?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஓட்டை இலையை நானும் வாங்கியிருக்க மாட்டேன்.

ஜூலை 7

நேற்று எழுதியதற்கு வால்: கன்று வாங்கினால் புழுவுக்குக் கொடுக்க அவசரப்படாதீர்கள். பழைய இலை உதிர்ந்து, உங்கள் மண்ணில் புதுத் தளிர் விட்டுப் பழகட்டும். வேப்ப எண்ணெய் 'இயற்கை'தானே என்கிறார் கரூர்க்காரர். இயற்கைதான். புழு தோலுரிப்பதையே தடுக்கிறது, அதனால்தான் வேலை செய்கிறது. எருக்கம்பாலும் இயற்கைதான், கண்ணில் விட்டுக்கொள்வோமா?

ஜூலை 21

இரண்டாவது கேள்விக்கு இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்று பொள்ளாச்சித் தம்பி ஞாபகப்படுத்துகிறார். பூச்செடி: இட்லிப்பூ வையுங்கள், வெள்ளையும் சிவப்பும். தும்பை தானாக வந்தால் பிடுங்காதீர்கள். வெட்டுக்காயப் பூண்டு, அந்தக் குட்டி மஞ்சள் பூ, சின்னப் பட்டாம்பூச்சிகளின் டீக்கடை. உண்ணிச்செடியில் கூட்டமாக வரும், உண்மைதான், ஆனால் காட்டை விழுங்குகிற அந்நியச் செடியை நாமே நட வேண்டாம்.

பூ என்பது ஹோட்டல் மட்டும். பிள்ளை பெற வீடு வேண்டும். ஒவ்வொரு பட்டாம்பூச்சிக்கும் அதற்கென்று ஒரு செடி. வெந்தய வரியனுக்கு எருக்கு. வெண்புள்ளிக் கருப்பனுக்கு அரளி. அதன் கூட்டுப்புழுவைப் பார்த்தவர்கள் உண்டா? அரளி இலைக்கு அடியில் யாரோ ஜிமிக்கியை மாட்டி வைத்தது போல வெள்ளியாக மின்னும். கொன்றை வெள்ளையனுக்குச் சரக்கொன்றை. ரணகள்ளித் தொட்டி வைத்தால் ரெட் பியரோ வரும், அதன் புழு இலையின் மேல் தோலுக்கும் கீழ்த் தோலுக்கும் நடுவே புகுந்து உள்ளே சுரங்கம் தோண்டித் தின்னும். மாமரத்துப் புல்லுருவியில் கூட ஒரு இனம் பிழைக்கிறது.

இதில் பாதிச் செடியை யாரும் நட வேண்டியதே இல்லை, வெட்டாமல் விட்டாலே போதும். எங்கள் தெருமுனைக் காலி மனையில் எருக்கும் தேள்கொடுக்கும் கிலுகிலுப்பையுமாக இருந்தது. மே மாதம் 'சுத்தம்' செய்தார்கள். ஜேசிபி அரை மணி நேரம். வாட்ஸப் குழுவில் எல்லாரும் கை தட்டும் பொம்மை போட்டார்கள். பாம்பு பயம் எனக்கும் உண்டு, அதனால் பேசவில்லை. நான்கு ஓரத்தில் மட்டும் இரண்டடி விடுங்கள் என்று கேட்டிருக்கலாம். அடுத்த முறை கேட்பேன். கேட்பேனா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 11

திருத்தம். ஜூன் 8 அன்று, எங்கள் கறிவேப்பிலையில் சிவப்புடல் அழகி முட்டையிட்டதாக எழுதியிருந்தேன். நாகர்கோவில் அக்கா ஒற்றை வரியில் கேட்டார்: "உடம்பு என்ன நிறம்?" பழைய புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு.

அது சிவப்புடல் அழகியே இல்லை. அந்த வேஷம் போட்ட கறிவேப்பிலை அழகி. இந்த இனத்தில் பெண்ணுக்கு மூன்று உருவம். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். ஒன்று ரோசா அழகியைப் போல. இன்னொன்று சிவப்புடல் அழகியைப் போல. அந்த இரண்டு அழகிகளும் விஷச்செடி தின்று வளர்வதால் பறவைகள் தொடாது. அவற்றின் சேலையைக் கட்டிக்கொண்டால் இதுவும் தப்பிக்கும். சேலையை வாங்கிவிட்டது, உடம்புச் சிவப்பை மட்டும் வாங்க முடியவில்லை. அசலுக்கு உடம்பு சிவப்பு, நகலுக்குக் கறுப்பு.

பறவையை ஏமாற்றுகிறதோ இல்லையோ, என்னை ஐந்து வருடம் ஏமாற்றியிருக்கிறது. கறிவேப்பிலையில் முட்டை வைக்கிறது என்பதிலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 12

அப்படியென்றால் அசலுக்கு என்ன செடி என்று கேள்வி. ஈஸ்வரமூலி. நாகர்கோவில் அக்கா கருடக்கொடி என்கிறார், இரண்டும் ஒன்றுதான். கரிசல் நிலத்தில் தரையோடு படர்கிற ஆடுதின்னாப்பாளை அதன் தங்கை. தென்னாட்டின் மிகப் பெரிய பட்டாம்பூச்சியான சதர்ன் பேர்ட்விங்கும் இந்தக் குடும்பத்துக் கொடியை நம்பித்தான் இருக்கிறது. 1932-ல் அளந்த ஒன்றின் இறகு விரிப்பு 190 மில்லிமீட்டர். நாட்டிலேயே பெரியது என்ற பட்டம் 2020-ல்தான் கைமாறியது, உத்தராகண்டில் கிடைத்த கோல்டன் பேர்ட்விங் 194. நாலே நாலு மில்லிமீட்டரில் தெற்கு தோற்றது.

சிவப்புடல் அழகி 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே பட்டியலில் இருந்தது. பட்டாம்பூச்சிக்குச் சட்டம் இருந்தது. கொடியை வேலியிலிருந்து அறுத்தெறிய யாரும் அனுமதி கேட்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. ஈஸ்வரமூலியைக் கஷாயம் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டவே வேண்டாம். பட்டாம்பூச்சியைக் காப்பாற்றுகிற அதே விஷம் மனிதருக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரும். கொடியைப் புழுவுக்கு விடுங்கள்.

ஆகஸ்ட் 25

செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பியிருக்கிறதா? சோப்புத் தண்ணீர் அடிக்கும் முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். மாவுக்கு நடுவே மாவு பூசிக்கொண்டு கொஞ்சம் பெரிதாக ஒன்று நகர்ந்தால் அது ஏப்ஃபிளை என்ற பட்டாம்பூச்சியின் புழு. இலையைத் தொடாது, மாவுப்பூச்சியைத்தான் தின்னும். அதன் கூட்டுப்புழு ஒரு உளுந்தளவுக் குரங்கு முகம். கண், மூக்கு எல்லாம் உண்டு. மாமியார் பார்த்துவிட்டு "ஆஞ்சநேயா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இலவசமாக மருந்தடிக்கிற ஆளுக்கு அந்த மரியாதை தகும்.

செப்டம்பர் 8

சேலத்திலிருந்து ஒரு பள்ளி மாணவி: "நம் மாநிலப் பட்டாம்பூச்சியை மாடித்தோட்டத்தில் வளர்க்க முடியுமா?" முடியாது கண்ணு. 2019-ல் அறிவித்த தமிழ் மறவன் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்காரன். ஆரஞ்சு இறகு, கறுப்பு ஓரம், கூட்டமாகத் திரியும். அதன் புழு தின்பது நீரடிமுத்து மரத்து இலை, மலையாளத்தில் மரோட்டி. தொழுநோய்க்கு ஒரு காலத்தில் எண்ணெய் எடுத்த மரம். அது மாடியில் தொட்டிக்குள் அடங்குமா? காட்டு ஓடை ஓரத்தில் ஈரமண்ணில் உட்கார்ந்து உப்பு உறிஞ்சுவதைப் பார்க்கலாம், அப்படிக் கூடுவது பெரும்பாலும் ஆண்கள்தான். அங்கே ஷாம்பு போட்டுக் குளிக்காமல் வந்தால் போதும்.

திருச்சிப் பக்கம் போனால் ஸ்ரீரங்கம் மேலூரில் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது, 2015-ல் திறந்தது. வெயிலேறும் முன் போ, பத்து மணிக்குள்.

அக்டோபர் 20

வரியன் பட்டாம்பூச்சிகள் கிளம்பிவிட்டன! இன்று காலை மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது 10 நிமிடத்தில் 64 எண்ணினேன். நீல வரியன், கருநீல வரியன், நடுநடுவே கருப்பன்கள். எல்லாம் கிழக்கிலிருந்து மேற்கே, மருதமலையைப் பார்த்து. ஏற்காடு, கொல்லிமலை, பச்சைமலை என்று கிழக்கு மலைகளிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிற கூட்டம். ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி இதே கூட்டத்தின் பிள்ளைகளோ பேரர்களோ எதிர்த்திசையில் போகும். ஆறு மாடி வீட்டை மோதினால் சுற்றிப் போவதில்லை, ஏறிக் கடக்கின்றன.

அக்டோபர் 21

நேற்று சந்தோஷத்தில் எழுதியதற்கு இன்று மறுபக்கம். தொண்டாமுத்தூர்ச் சாலையில் கார் கண்ணாடியில் அடிபட்டு ஓரமெல்லாம் நீலச் சருகு. ஸ்கூட்டரை 30-க்குக் கீழே ஓட்டினால் அவை விலகிப் போய்விடுகின்றன. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரித்தார்.

வழியில் ஒரு தோட்டத்து வேலியில் காய்ந்த கிலுகிலுப்பைச் செடி, இலை தெரியாமல் வரியன்கள். பூவுமில்லை தேனுமில்லை, அங்கே என்ன வேலை என்றால், காய்ந்த தண்டைச் சுரண்டி ஒரு கசப்புச் சத்தை உறிஞ்சுகின்றன. ஆண்களுக்கு அதுதான் அத்தர், பெண்ணை மயக்க. தேள்கொடுக்கிலும் அதே சத்து உண்டு. நான் ஜூலையில் புலம்பிய காலி மனையில் இரண்டுமே இருந்தன.

நவம்பர் 5

பொள்ளாச்சித் தம்பி படம் போட்டிருக்கிறார்: மகள், கறிவேப்பிலை, பச்சைப் புழு, நீட்டிய கொம்பு, மூக்கைப் பொத்திய கை. மருந்து பற்றி அவர் அப்புறம் கேட்கவே இல்லை. செடி மொட்டை என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்கக் கூடாது.

நவம்பர் 14

இதற்கு யாராவது வழி சொல்லுங்கள். வாசல் கேட் தாழ்ப்பாளில், சரியாகக் கொண்டியும் கம்பியும் சேருகிற இடத்தில், ஒரு புழு பட்டு நூல் கட்டிவிட்டது. கறிவேப்பிலையிலிருந்து அங்கே 20 அடி, நடந்தே வந்திருக்கிறது. தாழ்ப்பாளை இழுத்தால் நசுங்கும். மாமியார் ஒரு அட்டையில் 'பின்வாசல் வழி வரவும்' என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். பால்காரர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டுவிட்டுப் போனார்.

நவம்பர் 25

கூடு நேற்று இரவே கறுத்தது. இன்று காலை ஆறேமுக்காலுக்கு வந்தது, பெண், வேஷம் போடாதது. தாழ்ப்பாள் மேலேயே ஒரு மணி நேரம் இறகு காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பூட்டு மாட்டும் சங்கிலியில் செம்பழுப்புச் சொட்டு. மகன் பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று பின்வாசலால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனான். அது பறந்த பிறகும் மாமியார் அட்டையைக் கழற்றவில்லை. காய்கறிக்காரர் அதைப் படித்துவிட்டுப் பின்பக்கம் வந்து, மரத்தை அண்ணாந்து பார்த்தார். "ஏனுங்க, இவ்வளவு பெரிய மரத்த வச்சிக்கிட்டா எங்கிட்டக் கொசுறுக்குக் கறிவேப்பில கேக்கறீங்க?"